டைல்ஸுக்குப் பின்னால் 57 ஒட்டு

மே மாதம் பிறந்தால் புனே வாகட் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட்டில் தமிழ்ச் சத்தம் அடங்கிவிடும். பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே தென்காசி, கும்பகோணம், சேலம் என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவார்கள். கேஸ் மூடியாச்சா, ஃப்ரிட்ஜைக் காலி பண்ணியாச்சா, துளசிக்கு யார் தண்ணி ஊத்தறது, பால்காரரிடம் சொல்லியாச்சா என்று நாலு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்பிய குடும்பத்தை இதுவரை நான் கண்டதில்லை.

2023 மே மாதம் என் நண்பர் குடும்பமும் அப்படித்தான் தென்காசிக்குப் போயிற்று. நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு செக்யூரிட்டியிடமிருந்து எனக்குப் போன். மூன்றாவது மாடி லிஃப்ட் வாசல் முழுக்கத் தண்ணீர். அவர் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருந்ததால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஹாலில் செருப்பு மிதக்கிறது. பூஜை ரூமில் கீழ்த்தட்டில் இருந்த பஞ்சாங்கம் ஊறிப்போய்க் கிடக்கிறது. உள்ளே பாத்ரூமில் சர்ர்ர் என்று ஒரே சத்தம்.

வாஷ்பேசினுக்கு அடியில், ஆங்கிள் வால்விலிருந்து குழாய்க்கு ஏறும் கனெக்‌ஷன் பைப் வெடித்திருந்தது. ரெண்டடி நீளம். மேலே வெள்ளிக் கம்பி பின்னியது, கடையில் தொங்கும்போது பளபளவென்று இருக்குமே, அதேதான். விலை சில நூறு ரூபாய்.

நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் மணிக்கு 600 லிட்டர். ராத்திரி பத்து மணிக்கு வெடித்தது என்று வைத்தால் காலை ஆறுக்குள் 4,800 லிட்டர். மேல்தொட்டி குறையக் குறைய கீழே பம்ப் தானாக ஓடி நிரப்பிக்கொண்டே இருக்கும் (கோடையில் காசு கொடுத்து வாங்கிய டேங்கர் தண்ணீர் வேறு). கீழ்வீட்டுக்காரர் அந்த வருஷம்தான் மரத்தரையும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டிருந்தார். இரண்டும் போயிற்று. மராட்டிக் குடும்பம், நல்ல மனிதர்கள், சத்தம் போடவில்லை. பில்லை மட்டும் அனுப்பினார்கள்.

நண்பர் பாதி லீவில் திரும்பி வந்தார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. "இனிமே வீட்டுல வளையற பிளாஸ்டிக் குழாயே வேண்டாம் சார். எல்லாம் சுவத்துக்குள்ள கெட்டியா போட்டுடணும்."

அவர் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் வந்து சேர்ந்த முடிவு நேர்த் தலைகீழ். கட்டடங்களுக்குத் தண்ணீர், கழிவுநீர், ஏசி டிசைன் செய்கிற வேலையில் பதினெட்டு வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுவருக்குள்தான் வளையும் குழாய் இருக்க வேண்டும், ஒரே துண்டாக, நடுவில் ஒட்டே இல்லாமல். நாம் என்ன செய்கிறோம்? சுவருக்குள் வளையாத குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டுப்போட்டு டைல்ஸால் மூடுகிறோம். வெளியே, இருபத்துநாலு மணி நேரமும் முழு அழுத்தம் தாங்க வேண்டிய இடத்தில், சந்தையிலேயே மட்டமான வளையும் குழாயைத் தொங்கவிடுகிறோம்.

முதலில் அந்தத் தொங்கும் குழாய். கம்பிப் பின்னலைப் பார்த்து அதை எஃகுக் குழாய் என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீரைச் சுமப்பது உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழல். கம்பி அதை வீங்காமல் கட்டிப் பிடித்திருக்கும் வலை, அவ்வளவுதான். நாலு கம்பி அறுந்தால் அந்த இடத்தில் குழல் கொப்புளம் மாதிரிப் பிதுங்கும், பிறகு ஒரு நாள் வெடிக்கும். கம்பியை அறுப்பது யார்? பெரும்பாலும் நாமேதான். பாத்ரூம் கழுவ ஆசிட் வாங்கி, மூடியைச் சரியாகத் திருகாமல், வாஷ்பேசின் அலமாரிக்குள் அதே குழாய்க்குப் பக்கத்தில் வைக்கிறோம். அந்த ஆவியில் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே பொத்தல் விழும். மலிவுச் சரக்கில் பின்னல் அலுமினியக் கம்பியாக இருக்கும், அது எத்தனை நாள் தாங்கும்!

அழுத்தக் கணக்கையும் பாருங்கள். எங்கள் கட்டடம் 14 மாடி. நண்பர் வீடு மேல்தொட்டிக்குச் சுமார் 35 மீட்டர் கீழே இருக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும், ஆக அவர் வீட்டில் மூன்றரை கிலோ. பகலில் எல்லோரும் குழாயைத் திறப்பதால் அது கொஞ்சம் குறையும். நடுராத்திரியில் யாரும் திறக்காதபோது முழு அழுத்தமும் அந்த ரப்பர் குழல் மேல் நிற்கும். இந்த மாதிரி விபத்துகள் நாம் தூங்கும்போதும் ஊருக்குப் போனபோதும் நடப்பதற்கு ராகு கேது காரணமில்லை.

கேஸ் அடுப்பின் ரப்பர் டியூப் மேல் அஞ்சு வருஷம் என்று காலம் அச்சடித்திருக்கும், சிலிண்டர் போடுகிற பையனே பார்த்து மாற்றச் சொல்வான். தண்ணீர் டியூபுக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. ஆஸ்திரேலியாவில் காப்பீட்டு நிறுவனங்கள் வாடிக்கையாளர்களை இந்தக் குழாயைப் பற்றித் தனியாக எச்சரிக்கின்றன, அத்தனை வீடுகள் அங்கே இதனால் நனைந்திருக்கின்றன. இங்கே வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருப்பவர்களே எத்தனை பேர்?

இது வெளியே தெரிகிற வில்லன். வெடித்தால் உடனே தெரியும், முந்நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். சுவருக்குள் இருப்பவன்தான் மோசம்.

நான் இப்போது இருக்கும் ஃபிளாட்டை வாங்கியபோது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் சைட்டுக்குப் போய் பாத்ரூம் சுவரைப் போட்டோ எடுத்து வைத்தேன். (என் மனைவி இன்றுவரை இதைச் சொல்லிச் சிரிப்பார். கிரகப்பிரவேச ஆல்பத்தில் குழாய் போட்டோ இருக்கும் ஒரே வீடு எங்களுடையதுதானாம்.) அந்தப் போட்டோவில் எண்ணிப் பார்த்தேன். ஒரு பாத்ரூமில் சிபிவிசி எல்போ 14, டீ 5, கப்ளிங் 2, குழாய் மாட்டும் இடங்களில் பித்தளை வைத்த எல்போ 10. எல்போவுக்கு இரண்டு வாய், டீக்கு மூன்று வாய் என்று கூட்டினால் பசை போட்டு ஒட்டிய இடங்கள் மட்டும் 57. எட்டுக்கு ஐந்தடி பாத்ரூம் அது! இரண்டு பாத்ரூம், சமையலறை, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்தால் ஒரு டூ பெட்ரூம் வீட்டுச் சுவருக்குள் நூற்றைம்பது ஒட்டு சர்வ சாதாரணம்.

சிபிவிசி மோசமான பொருள் இல்லை. 2000-ஐ ஒட்டி அது இங்கே பரவியபோது நாங்கள் எல்லாம் கொண்டாடினோம். அதற்கு முன் ஜிஐ குழாய். சணல் சுற்றி, வெள்ளைப் பெயின்ட் தடவி, பத்து வருஷத்தில் துருப்பிடித்து, காலையில் குழாயைத் திறந்தால் முதலில் டீ நிறத்தில் தண்ணீர் வரும், ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்து சிபிவிசி நம்மைக் காப்பாற்றியது உண்மை. 2007-ல் இதற்கு ஐஎஸ் 15778 என்று இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. குழாயைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒட்டுகிற முறைதான் பிரச்சினை.

ஒரு ஒட்டை ஒழுங்காகப் போட என்ன வேண்டும்? குழாயை நேராக வெட்ட வேண்டும். பிசிறு நீக்க வேண்டும். விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும். ஈரமும் தூசியும் துடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் சால்வென்ட் சிமென்ட் தடவி, உள்ளே செருகி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் தானாகக் கொஞ்சம் வெளியே நழுவும். பிறகு பசை இறுகும் வரை தண்ணீர் விடக்கூடாது. சைட்டில் நடப்பதோ வேறு. உடைந்த ஹேக்ஸா பிளேடைக் கையில் பிடித்துக் கோணலாக ஒரு வெட்டு, சட்டையில் ஒரு துடைப்பு, பசையில் ஒரு முக்கு, செருகு, அடுத்தது. காடி அடித்த சிமென்ட் தூசி பசையோடு சேர்ந்தே உள்ளே போகும்.

பிளம்பரைத் திட்ட நான் தயாரில்லை. இந்தியாவின் எந்தப் பெருநகரத்திலும் சைட்டில் போய் பிளம்பரிடம் சொந்த ஊர் கேட்டுப் பாருங்கள். ஒடிசா என்பான். ஒடிசாவில் எங்கே என்றால் கேந்திரபாடா மாவட்டம், அதிலும் பட்டாமுண்டை என்பான். அந்த ஒரு வட்டாரமே தலைமுறையாக இந்தத் தொழிலுக்கு ஆள் அனுப்பி வருகிறது, மாநில அரசு அங்கே பிளம்பிங்குக்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. கைத்திறமையில் குறை சொல்ல முடியாதவர்கள். ஆனால் கூலி பாயின்ட் கணக்கு. ஒரு குழாய் வாய்க்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், அரை நிமிடம் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு ஒட்டும் அவன் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்கிறது. 57 முறை அவன் பொறுமையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் தப்பு. 57 இருக்கும்படி டிசைன் செய்தது எங்களை மாதிரி ஆட்களின் தப்பு.

அந்த ஒட்டு உடனே ஒழுகாது. உடனே ஒழுகினால் பிழைத்தோம், டெஸ்டிங்கிலேயே தெரிந்துவிடும். (டெஸ்டிங் என்பது வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, மணிக்கணக்கில் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. பல சைட்டில் டைல்ஸ்காரன் வாசலில் காத்திருக்கிறான் என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.) கீசர் வெந்நீர் தினமும் ஓடும், நிற்கும். குழாய் நீளும், சுருங்கும். சுவர் இறுகப் பிடித்திருப்பதால் இழுப்பு முழுவதும் ஒட்டின் மேல் விழும். அரைகுறை ஒட்டு ஆறாவது ஏழாவது வருஷம் கசிய ஆரம்பிக்கும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-ன் 14-ம் பிரிவுப்படி வீட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து அஞ்சு வருஷத்துக்குள் வேலைப்பாட்டில் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும். நல்ல சட்டம். ஆனால் கசிவுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும். கீழ்வீட்டு சீலிங்கில் இட்லி அளவு ஈரம், தோசை அளவாக விரியும். "உங்க டைல்ஸ் ஜாயின்ட்தான்" என்பார் ஒருவர், "இல்லை, வெளிச்சுவர் மழைத்தண்ணி" என்பார் இன்னொருவர். சொசைட்டி மீட்டிங்கில் நாம் உடைந்த மராட்டியிலும் இந்தியிலும் வாதாடுவோம். இடுக்கில் ஒயிட் சிமென்ட் தேய்த்துப் பார்ப்போம், ஏதோ கெமிக்கல் ஊற்றிப் பார்ப்போம். கடைசியில் சுவரை உடைப்போம், அதுவும் எங்கே என்று தெரியாமல் மூன்று இடத்தில். ஒழுகிய ஒட்டை மாற்ற நாற்பது ரூபாய் சாமான் போதும். உடைத்த டைல்ஸ் அந்தக் கம்பெனியில் இப்போது வருவதே இல்லை. ஆகவே பாத்ரூம் முழுக்கப் புது டைல்ஸ்.

இதே சுவரில், இதே பில்டர், கரன்ட் வயரை எப்படிப் போடுகிறார் பாருங்கள். முதலில் வெறும் பைப்பைச் சுவருக்குள் பதிக்கிறார். பிறகு அதற்குள் வயரை இழுக்கிறார். ஸ்விட்ச் போர்டிலிருந்து விளக்குப் பாயின்ட் வரை நடுவில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றிச் சுவருக்குள் புதைக்கும் எலெக்ட்ரீஷியனை நீங்கள் வீட்டுக்குள் விடுவீர்களா? ஒட்டு வேண்டுமென்றால் ஜங்ஷன் பாக்ஸில், மூடியைத் திறந்தால் தெரிகிற இடத்தில். இருபது வருஷம் கழித்து வயர் போனால் பழையதின் வாலில் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம், ஒரு செங்கல்கூட அசையாது. வயருக்குக் கொடுக்கும் இந்த மரியாதையைத் தண்ணீருக்கும் கொடு என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு வயர் மாதிரி வளைகிற குழாய் வேண்டும். அது ஐம்பது வருஷத்துக்கும் மேலாக உலகத்தில் இருக்கிறது. பெக்ஸ் என்று பெயர். சாதாரண பாலிஎத்திலீன் உள்ளே இடியாப்பம் மாதிரி, நீள நீள இழைகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும், சூடு பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். 1968-ல் ஜெர்மனியில் தாமஸ் எங்கல் என்பவர் அந்த இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பிணைக்கும் முறையைக் குழாய்க்குக் கொண்டுவந்தார். இடியாப்பம் மீன்வலை ஆயிற்று. பிறகு அது உருகாது, 82 டிகிரி வெந்நீரில் ஏழு கிலோவை ஒட்டிய அழுத்தம் தாங்கும். சிபிவிசிக்கும் அதே தகுதிதான். வித்தியாசம் என்னவென்றால் இது சுருளாக வரும், நூறு மீட்டர் ஒரே துண்டு. 16 மில்லிமீட்டர் குழாயை ஒரு சாண் இடத்துக்குள் எல்போ இல்லாமல் திருப்பிவிடலாம்.

வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பித்தளையில் சீப்பு மாதிரி ஒரு பிரிப்பான், பல்லுக்கு ஒரு வால்வு. ஒவ்வொரு பல்லிலிருந்தும் ஒரு குழாய் நேராக ஒரே ஒரு பாயின்ட்டுக்குப் போகும். வாஷ்பேசின் சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, ஃப்ளஷுக்கு ஒன்று, இப்படி. சுவருக்குள் முதலில் நெளிநெளியான உறைக்குழாயைப் பதித்துவிட்டு இதை அதற்குள் செலுத்துவார்கள். என் பாத்ரூமை இப்படிச் செய்திருந்தால் எட்டு குழாய், பதினாறு முனை. எட்டு முனை பெட்டிக்குள், எட்டு முனை குழாய் மாட்டும் இடத்தில், கை எட்டும் தூரத்தில். நடுவே டைல்ஸுக்குப் பின்னால் ஒட்டு என்று ஒன்றுமே இருக்காது. எந்தக் குழாயாவது ஓட்டையானால் தண்ணீர் உறைக்குள்ளேயே ஓடிப் பெட்டிக்கு வந்து தன்னைக் காட்டிக் கொடுக்கும். இழுத்து மாற்ற வேண்டியதுதான். நார்வேயில் இந்தக் குழாய்க்குள் குழாய் முறை பல வருஷமாக வழக்கம். அங்கே மரவீடுகள், கசிந்தால் வீடே உளுத்துப்போகும் என்ற பயம்.

இதைச் சொன்னதும் வருகிற முதல் கேள்வி, "பிளாஸ்டிக்கில் குடிதண்ணியா?" சென்ற வாரம்கூட ஒருவர் கேட்டார். ஐயா, உங்கள் ஊர் வீட்டு மொட்டை மாடியில் முப்பது வருஷமாக நிற்கும் சின்டெக்ஸ் தொட்டி எதில் செய்தது? பாலிஎத்திலீன். இதே குடும்பம். அதுவும் வெயிலில் காய்ந்துகொண்டு. இப்போது சுவருக்குள் இருக்கும் சிபிவிசி பிளாஸ்டிக் இல்லாமல் வேறென்ன? புதிய பெக்ஸ் குழாயில் முதல் சில நாள் லேசாக வாடை இருக்கும், தண்ணீரைத் திறந்துவிட்டால் போய்விடும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது, அதை மழுப்ப மாட்டேன். வளையும் குழாயை நம்பி அமெரிக்கா ஒரு தடவை நன்றாகச் சூடுபட்டது. 1978 முதல் 1995 வரை அங்கே லட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்ற குழாயைப் போட்டார்கள். மலிவு, வளையும், வேலை சுலபம். தண்ணீரில் கலந்த குளோரின் குழாயையும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளிருந்தே அரித்தது. வீடு வீடாக வெடித்தது. 1995-ல் ஷெல் உள்ளிட்ட நிறுவனங்கள் வழக்கைத் தீர்க்க 95 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. பிறகு அலுமினியத் தகட்டை நடுவில் வைத்த பெக்ஸ் கலப்புக் குழாய் ஒன்று, அதன் பித்தளை இணைப்புகளில் துத்தநாகம் கரைந்து வெளியேறிக் கெட்டது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 2011-ல் 12.5 கோடி டாலர் தீர்வு. இங்கேயும் 2000-களின் தொடக்கத்தில் கலப்புக் குழாய் கொஞ்ச காலம் ஓடியது. நான் பார்த்த இடங்களில் தகராறு செய்தது இணைப்புகள்தான், குழாய் அல்ல. இரண்டு கதையிலும் சாவு வாசல் ஒட்டு வழியாகவும் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ஒட்டைக் குறை, இருக்கிற ஒட்டைக் கண்ணில் படும் இடத்தில் வை என்கிறேன். பித்தளை வாங்கினால் துத்தநாகம் கரையாத ரகமா என்று கேள். போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஓடும் ஊரில் இது வெறும் பேச்சு அல்ல.

பெக்ஸுக்கும் ஆகாத இடங்கள் உண்டு. வெயில் ஆகாது, மொட்டை மாடியில் திறந்து போட்டால் சில மாதத்தில் கெட ஆரம்பிக்கும். எலி கடிக்கும், ஷாஃப்டில் எலி ஓடும் கட்டடம் என்றால் அங்கே போடாதீர்கள். ஓட்டல் மாதிரி வெந்நீர் இருபத்துநாலு மணி நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும் லைனில் குளோரின் இதைச் சீக்கிரம் வயதாக்கும். நடுவில் யாராவது ஆணி அடித்தால் ஓட்டைதான் (சிபிவிசியும் அதற்கு வணக்கம் சொல்லி வழிவிடாது). வாழ்நாள் முடிந்ததும் உருக்கி மறுபடி வார்க்க முடியாது, மீன்வலையை இடியாப்பமாக்க முடியாது. இணைப்புச் சாமான் தெருமுனைக் கடையில் கிடைக்காது, அது எனக்கே உறுத்தும் குறை. முதல் செலவும் கூடுதல்.

கூடுதல் செலவு என்றதும் பில்டர் கையை விரிப்பார். அதே பில்டர் சாம்பிள் ஃபிளாட்டில் என்னென்ன வைத்திருக்கிறார் பாருங்கள். வாசலில் டிஜிட்டல் பூட்டு, பாத்ரூமில் கூரையளவு ஷவர், கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு. ஒரு ஷவரின் விலையில் ஒரு பாத்ரூமின் குழாயையே மாற்றிவிடலாம் என்று ஒரு டிசைன் மீட்டிங்கில் சொன்னேன். மார்க்கெட்டிங்கில் இருந்து வந்தவர் சிரித்துக்கொண்டே, "சார், சுவருக்குள்ள இருக்கிறதை எந்த கஸ்டமர் கேட்கிறார்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஏனென்றால் எந்த கஸ்டமரும் கேட்பதில்லை. நம்மவர்கள் வாஸ்து கேட்பார்கள், சமையலறை கிழக்கா என்பார்கள், கார் பார்க்கிங்கில் தூண் இடிக்கிறதா என்று அளப்பார்கள். இருபது வருஷ லோனில் வாங்குகிற வீட்டில் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு படம் கேட்டு வாங்கியவர் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்.

எங்கள் தொழில்காரர்களையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன். பழைய டிராயிங்கைக் காப்பி பண்ணிப் புது பிராஜெக்ட் பெயரை மேலே ஒட்டுவது எங்கள் ஆபீஸ்களில் நாளும் நடப்பது. டிராயிங்கில் எல்போ என்பது ஒரு வளைந்த கோடு. அதை வரைய அரை வினாடி. அதற்கு வலிக்காது, ஒழுகாது.

நண்பருக்கு வருவோம். எப்படியும் உள் பாத்ரூமை உடைக்க வேண்டிய நிலை, ஊறிய சுவரில் டைல்ஸ் உப்பிவிட்டது. "இவ்வளவு செலவுல இதையும் பண்ணிப் பார்க்கலாம் அண்ணா" என்று அவர் மனைவிதான் முடிவெடுத்தார், அவர் இல்லை. பிளம்பர் பட்டாமுண்டைக்காரர்தான், நாற்பது வயது, பெக்ஸ் சுருளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "சாப், யே தோ கார்டன் பைப் ஹை" என்றார். பாயின்ட் கூலி வேண்டாம், நாள் கூலி தருகிறோம் என்று பேசினோம். உறைக்குழாயைப் பதித்தோம், சுவர் பூசுவதற்கு முன்னால் அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் முள் அதே இடத்தில். பிறகு நான் வேண்டுமென்றே ஒரு குழாயை அவர் கண் முன்னால் பெட்டி வழியாக முழுசாக உருவி வெளியே எடுத்து, மறுபடி உள்ளே தள்ளிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தானே ஒரு தடவை உருவிப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து யாருக்கோ வீடியோ எடுத்து அனுப்பினார்.

கனெக்‌ஷன் பைப்புகளை எல்லாப் பாத்ரூமிலும் மாற்றினோம். அளவாக, இழுக்காமல், முறுக்காமல், கம்பி 304 ரகமா என்று பார்த்து. மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் மார்க்கரால் எழுதி ஒரு லேபிள் கட்டினேன். ஆசிட் பாட்டில் பால்கனிக்குப் போயிற்று.

கடைசியாக, ஊருக்குப் போகும்போது வீட்டு மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள் என்றேன். அது போதும், மற்ற எதுவும் செய்யாவிட்டாலும் அந்த ஒன்று போதும் என்றேன். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பத்து வருஷம் அந்த வீட்டில் இருக்கிறார். நானும் அவரும் ஸ்டூல் போட்டு ஏறித் தேடினோம். பொது பாத்ரூமின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்தது. மூடி இல்லை, திறப்பு இல்லை, ஜிப்சம் பலகையை அறுத்துத்தான் கையை விட முடிந்தது. பிடித்துத் திருகினோம். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.